சீட்டுக் குலுக்கி வைத்தியமா?

ஆனித் தேரோட்டம் முடிந்த மறுநாள் காலை. நெல்லையப்பர் தேர் நிலைக்கு வந்து சேர்ந்துவிட்டது. ரத வீதிகளில் பந்தல் பிரிக்கும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. எங்கள் தெரு முனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, வழவழப்பான காகிதம் ஒன்றை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"சார், மக தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கா. இத ஒரு பொண்ணு வந்து குடுத்திட்டுப் போச்சு. பிள்ளை பொறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்த எடுத்து ஐஸ்ல வச்சிருவாங்களாம். பின்னால பிள்ளைக்கு ரத்தப் புத்துநோய் வந்தாக்கூட அதை வச்சே காப்பாத்திரலாமாம். அரை லட்சத்துக்கு மேல ஆகும், தவணை உண்டுன்னு சொன்னா. மெய்தானா சார்? மெய்னா வளையல அடகு வச்சாவது கட்டிருதேன்."

மாணவ நண்பர்களே, அண்ணாச்சியின் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. தொப்புள்கொடி இரத்தம் புற்றுநோய்க்கு உதவுமா என்பது ஒன்று. உதவுமென்றால், அவரவர் இரத்தம் அவரவருக்கே உதவுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை, ஆம். இரண்டாவதற்கு விடை, ஏறக்குறைய இல்லை. இந்த விடைகளை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைத்தான் உங்களுடன் பேச விரும்புகிறேன். அதில் என் சொந்தத் தவறு ஒன்றும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இயற்பியல் ஆசிரியனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயந்தான். ஆனால் இந்தத் துறையின் அடிக்கல்லை நாட்டிய இருவரில் ஒருவர் எங்கள் ஆள். கனடா நாட்டு டொரான்டோ நகரில் ஜேம்ஸ் டில் என்ற உயிர்-இயற்பியல் அறிஞரும், எர்னஸ்ட் மெக்கல்லக் என்ற மருத்துவரும் கதிரியக்கம் உடலை என்ன செய்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். எலிகளின் எலும்பு மஜ்ஜையைக் கதிர்வீச்சால் அழித்தார்கள். பிறகு வேறு எலிகளின் மஜ்ஜைச் செல்களை ஊசி மூலம் செலுத்தினார்கள். சில நாட்களில் அந்த எலிகளின் மண்ணீரலில் சிறு சிறு முடிச்சுகள் தோன்றின. எத்தனை செல்களைச் செலுத்தினோம், எத்தனை முடிச்சுகள் வந்தன என்று வரைபடம் போட்டார்கள். நேர்கோடு கிடைத்தது! அப்படியென்றால் ஒவ்வொரு முடிச்சும் ஏதோ ஒரே ஒரு செல்லிலிருந்து முளைத்திருக்கவேண்டும் அல்லவா? 1961 ஆம் ஆண்டு வெளிவந்த இந்த ஆய்வுதான் ஸ்டெம் செல் என்பதற்கு முதல் உறுதியான சான்று. எண்ணத் தெரிந்தவன் எங்கு போனாலும் பிழைத்துக்கொள்வான் என்று என் வகுப்பில் நான் அடிக்கடி சொல்வதற்கு இந்த நேர்கோடும் ஒரு காரணம்.

ஸ்டெம் செல்லைத் தமிழில் குருத்தணு என்கிறார்கள். நல்ல பெயர். வாழையில் எத்தனை இலை அறுத்தாலும் நடுவிலிருந்து குருத்து வந்துகொண்டே இருக்கிறது. நம் எலும்பு மஜ்ஜையில் உள்ள குருத்தணுக்களும் அப்படியே. நாள் ஒன்றுக்குச் சிவப்பணுக்கள் மட்டுமே ஏறத்தாழ 20,000 கோடி புதிதாகப் பிறக்கின்றன. இவை தவிர, நோய்க்கிருமிகளோடு போராடும் வெள்ளணுக்களும், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் அதே குருத்திலிருந்து வருகின்றன. இந்தத் தொழிற்சாலையில் ஒரு செல் கட்டுப்பாடு இழந்து வரம்பின்றிப் பெருகத் தொடங்கினால் அதுவே இரத்தப் புற்றுநோய்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு மருந்துகளே போதும். மருந்துக்கு அடங்காத நோய்க்குத்தான் கடைசி வழியாக மஜ்ஜை மாற்று. பழைய மஜ்ஜையை மருந்தாலும் கதிர்வீச்சாலும் அழித்துவிட்டு, வேறொருவரின் குருத்தணுக்களைச் சாதாரண இரத்தம் ஏற்றுவதுபோல நரம்பு வழியே ஏற்றுகிறார்கள். அவை தாமாகவே எலும்புக்குள் வழி கண்டுபிடித்துப் போய்க் குடியேறுகின்றன. அமெரிக்க மருத்துவர் டொன்னல் தாமஸ் 1950களில் தொடங்கிய இம்முயற்சிக்காக 1990 இல் நோபல் பரிசு பெற்றார். நம் நாட்டில் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 1983 இலும், நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 இலும் இச்சிகிச்சை தொடங்கியது.

கொடுப்பவர் யார் என்பதில்தான் சிக்கல். செல்களின் மேற்பரப்பில் எச்.எல்.ஏ. எனப்படும் அடையாளப் புரதங்கள் இருக்கின்றன. இவை பொருந்தாவிட்டால் புதிதாக வந்த வெள்ளணுக்கள், குடியேறிய உடலையே எதிரியாக எண்ணித் தாக்கும். உடன்பிறந்த ஒருவருக்கு முழுப் பொருத்தம் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பே உண்டு. ஒற்றைப் பிள்ளை வீடுகள் பெருகிவிட்ட இக்காலத்தில் அந்த நான்கில் ஒன்றும் பலருக்கு இல்லை.

இங்கேதான் தொப்புள்கொடி வருகிறது. பிரசவம் ஆனதும் தூக்கி எறியப்படும் கொடியிலும் நஞ்சிலும் தங்கியிருக்கும் இரத்தத்தில் குருத்தணுக்கள் நிறைய இருக்கின்றன. 1988 அக்டோபரில் பாரிஸ் நகர் செயின்ட் லூயி மருத்துவமனையில் எலியான் குளூக்மன் என்ற பெண் மருத்துவர், அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சிறுவனுக்கு அவன் தங்கையின் கொடி இரத்தத்தை ஏற்றினார். அவனுக்கு இருந்தது ஃபான்கோனி இரத்தசோகை என்ற பரம்பரை நோய். அவன் பிழைத்தான். ஐந்தாண்டுகளுக்குள் நியூயார்க் நகரில் பொதுச் சேமிப்பு நிலையமே தொடங்கிவிட்டது. இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு, முன்பின் தெரியாத யாரோ ஒரு குழந்தையின் கொடி இரத்தம் ஏற்றப்பட்டது. பிறந்த குழந்தையின் வெள்ளணுக்கள் இன்னும் பள்ளிக்கூடம் போகாதவை. எதிரி யார் என்ற பாடத்தைப் படிக்காதவை. ஆகவே எச்.எல்.ஏ. பொருத்தம் சற்றுக் குறைந்தாலும் பொறுத்துக்கொள்கின்றன. இதுதான் கொடி இரத்தத்தின் பெரிய வசதி.

அதைச் சேமிப்பதிலுள்ள இயற்பியலையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தக்காளியைக் குளிர்பதனப் பெட்டியின் உறை அறையில் ஓர் இரவு வைத்து எடுத்துப் பாருங்கள். உருகியதும் தொளதொளவென்று ஆகிவிடும். உள்ளே இருந்த நீர் பனிப் படிகமாகி, ஊசிபோல் செல் சுவர்களைக் குத்திக் கிழித்துவிட்டது என்பதே காரணம். இரத்தச் செல்லுக்கும் இதே கதிதான். அதைத் தடுக்க ஒரு கரைப்பானைச் சேர்த்து, நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 டிகிரி வீதம் மெதுவாகக் குளிர்விக்கிறார்கள். பிறகு மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனிடம் ஒப்படைக்கிறார்கள். அந்தக் குளிரில் வேதி வினைகள் நின்றே போகின்றன. இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்த செல்களும் எழுந்து வேலை செய்ததாகச் சோதனைகள் காட்டியுள்ளன. மின்சாரம் நின்றாலும் கவலையில்லை. நைட்ரஜன் ஆவியாகிக் குறையும்போது ஊற்றிக்கொண்டிருக்கவேண்டும், அவ்வளவே.

ஆக, அண்ணாச்சியின் காகிதத்தில் 'சேமிக்க முடியும்' என்பது பொய்யன்று.

ஒரு பையா, இரண்டு பையா?

கொடி இரத்தத்தின் பெரிய குறை அளவு. ஒரு கொடியிலிருந்து கிடைப்பது பெரும்பாலும் ஒரு தம்ளர் அளவுகூட இல்லை. நோயாளியின் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 2.5 கோடி செல்களாவது வேண்டும் என்பது மருத்துவர்கள் வழக்கமாகக் கொள்ளும் கணக்கு. 20 கிலோ எடையுள்ள சிறுவனுக்கு 50 கோடி போதும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 150 கோடி தேவை. ஒரு பையில் 100 கோடி இருப்பதாக வைத்துக்கொண்டால் சிறுவனுக்குத் தாராளம், பெரியவருக்குத் துண்டு விழும். செல்கள் குறைந்தால் புது மஜ்ஜை வேலை தொடங்க நாட்கள் அதிகமாகும். அந்த நாட்களில் உடலில் காவல்காரர்களே இல்லை. சாதாரணக் காளான் கிருமி ஒன்று உயிரைக் கொண்டுபோய்விடும்.

சரி, ஒரு பை போதாவிட்டால் இரண்டு பை ஏற்றினால் என்ன? யாருக்கும் தோன்றக்கூடிய யோசனை. அமெரிக்காவில் மின்னசோட்டா மருத்துவர்கள் பெரியவர்களுக்கு அப்படியே செய்தார்கள். விசித்திரமான ஒன்று நிகழ்ந்தது. ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பார்களே, அதுபோல் சில வாரங்களில் இரண்டு பைகளில் ஒன்றின் செல்களே நிலைத்தன, மற்றது மறைந்துவிட்டது. இருந்தும் நோயாளிகள் எதிர்பார்த்ததைவிட நன்றாகத் தேறினார்கள். புற்றுநோய் திரும்பி வருவதும் குறைந்ததுபோல் தோன்றியது. இரண்டு பைகள் ஒன்றோடொன்று போட்டியிடுவதால் புற்றுநோயையும் சேர்த்து அடிக்கின்றனவோ என்று காரணமும் கற்பித்தார்கள். அழகான காரணம். அப்படியானால் ஒரு பையே போதுமான சிறுவர்களுக்கும் இரண்டு பை ஏற்றலாமே?

நீங்கள் மருத்துவராக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? இரண்டு ஒன்றைவிட மேல் என்று உங்கள் மனம் சொல்லும். என் மனமும் சொல்லியிருக்கும். ஆனால் 'தோன்றியது' என்பது எதனுடன் ஒப்பிட்டு? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பை பெற்ற பழைய நோயாளிகளுடன் ஒப்பிட்டுத்தான். இடைப்பட்ட காலத்தில் கிருமிகொல்லி மருந்துகளும் செவிலியர் கவனிப்பும் மேம்பட்டிருக்கலாம். தேறக்கூடியவர்களையே மருத்துவர்கள் தம்மை அறியாமல் புதிய முறைக்குத் தேர்ந்தெடுத்திருக்கலாம். ஊசலின் நீளத்தையும் குண்டின் எடையையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, அலைவு நேரம் மாறியதற்கு எடைதான் காரணம் என்று ஒரு மாணவன் எழுதினால் நான் எத்தனை மதிப்பெண் கொடுப்பேன்?

எனவே 2006 டிசம்பரில் அமெரிக்க மருத்துவமனைகள் பல சேர்ந்து ஒரு சோதனையைத் தொடங்கின. இரத்தப் புற்றுநோயுள்ள 1 முதல் 21 வயது வரையிலான 224 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு பையா, இரண்டு பையா என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை, பெற்றோரும் செய்யவில்லை. சீட்டுக் குலுக்குவதுபோல் தற்செயலுக்கே விட்டார்கள். 2012 வரை ஆள் சேர்த்து, முடிவை 2014 இல் வெளியிட்டார்கள். ஓராண்டு கழித்து உயிருடன் இருந்தவர்கள், இரண்டு பை பெற்றவர்களில் நூற்றுக்கு 65 பேர். ஒரு பை பெற்றவர்களில் 73 பேர்.

அவசரப்படாதீர்கள். 'அப்படியானால் ஒரு பையே மேல்' என்று எழுதிவிடக் கூடாது. ஒரு காசை நூறு தடவை சுண்டுங்கள். சரியாக ஐம்பது தலை விழாது. 45 விழும், 55 விழும். காசில் கோளாறு இல்லை. இங்கும் இரண்டு முறைகளும் சரிசமமாகவே இருந்தாலும், வெறும் தற்செயலால் இவ்வளவு வேறுபாடோ இதைவிடப் பெரியதோ நூறில் 17 தடவை வரக்கூடும் என்று கணக்கு சொன்னது. ஆகவே உறுதியாகச் சொல்லக்கூடியது, இரண்டு பையால் உயிர் காப்பதில் கூடுதல் நன்மை தெரியவில்லை என்பதே. ஆனால் வேறு சில அளவுகளில் ஒரு பை உண்மையாகவே மேலாக இருந்தது. தட்டணுக்கள் நன்றாக மீண்டன, புதுச் செல்கள் உடலைத் தாக்கும் கடுமையான நோயும் குறைவு. சிறுவர்களுக்கு இரண்டாவது பை வேண்டாம் என்று முடிவாயிற்று. இரண்டாவது பையின் விலை என்ன தெரியுமா? பல பத்தாயிரம் டாலர்கள். யாரும் சீட்டுக் குலுக்காமல் இருந்திருந்தால், உலகமெங்கும் பெற்றோர் வீட்டை விற்று இரண்டாவது பை வாங்கிப் பிள்ளைக்குத் தொல்லையையும் சேர்த்து வாங்கிக் கொடுத்திருப்பார்கள்.

நான் சொன்ன யோசனை

இனி என் தவறு. பத்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. என் வகுப்பில் படித்த மாணவன் ஒருவன், தம்பிக்கு இரத்தப் புற்றுநோய் என்று அடிக்கடி விடுப்பு எடுத்துக்கொண்டிருந்தான். தம்பிக்கு ஒன்பது வயது. வெளியூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் சிகிச்சை. அங்கே இரண்டு மருந்து முறைகளை ஒப்பிடும் ஆய்வொன்றில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். எந்த முறை என்பதைக் கம்ப்யூட்டர் சீட்டுப்போட்டு முடிவு செய்யும் என்றும் விளக்கியிருக்கிறார்கள். அவன் தந்தை ஊர் திரும்பியதும் என்னிடம் வந்தார். "என் பிள்ளை என்ன எலியா சார்? சீட்டுக் குலுக்கியா வைத்தியம் பாப்பாக?" என்று கண் கலங்கக் கேட்டார். "வேண்டாம், கையெழுத்துப் போடாதீர்கள்" என்று நானும் சொல்லிவிட்டேன். அந்த ஆய்வைப் பற்றி ஒரு வரிகூடப் படித்துப் பார்க்காமல் சொன்னேன். ஆய்வுக் கூடத்தில் பிழைக் கணக்கு போடாத நோட்டைத் திருப்பி வீசுகிற அதே நான்.

அந்தப் பையன் வழக்கமான சிகிச்சையிலேயே குணமாகி, இப்போது வேலைக்கும் போய்விட்டான். அவன் தந்தை என்னைப் பார்க்கும்போதெல்லாம் "நீங்க அன்னைக்குச் சொன்னது எவ்வளவு சரி" என்கிறார். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆய்வில் சேர்ந்திருந்தாலும் அவன் குணமாகியிருக்கலாம். ஒரு பையனை வைத்து ஒரு முறையைப் பற்றி எதுவுமே சொல்ல முடியாது. அவன் பிழைத்தது என் யோசனைக்குச் சான்றாகாது. அவனுக்கு முந்தைய ஆண்டுகளில் யாரோ முகம் தெரியாத பெற்றோர்கள் தம் பிள்ளைகளைச் சீட்டுக்கு ஒப்புக்கொடுத்ததால்தான் அந்த 'வழக்கமான சிகிச்சை'யே உருவாகியிருந்தது. அந்தக் கடனைத் திருப்பித் தரவேண்டாம் என்று நான் சொல்லியிருக்கிறேன்.

நம் பக்கத்தில் கல்யாணம், நிலம் வாங்குவது போன்ற காரியங்களுக்குக் கோயிலில் பூக் கட்டிப் பார்ப்பார்கள். சிவப்புப் பூ ஒரு பொட்டலத்தில், வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்தில். குழந்தை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். சீட்டுக் குலுக்குவதும் அதுதானே என்று நினைக்கலாம். இல்லை. பூக் கட்டும்போது பொட்டலமே விடை. சோதனையில் சீட்டு விடை சொல்வதில்லை, விடை ஐந்தாறு ஆண்டு கழித்துத்தான் வரும். யார் எந்தப் பக்கம் என்பதில் மனித விருப்பு வெறுப்பு நுழையாமல் தடுக்கும் வேலி மட்டுமே சீட்டு. எது மேல் என்று தெரிந்திருந்தால் சீட்டுப் போடுவது பாவம். தெரியாதபோது, தெரிந்ததுபோல் நடித்து ஒன்றைக் கொடுப்பதும் ஒருவகைச் சோதனைதான், ஆனால் கணக்கு எழுதாத சோதனை.

அந்தத் தந்தையின் கோபம் அடிப்படை இல்லாததன்று. நம் நாட்டில் எழுதப் படிக்கத் தெரியாத ஏழைகளிடம் முறையான சம்மதம் பெறாமல் மருந்துச் சோதனைகள் நடந்ததாக உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போயிற்று. 2013 இல் விதிகள் கடுமையாயின. 2019 இல் புதிய விதித் தொகுப்பே வந்தது. நெறிமுறைக் குழு ஒப்புதல் தரவேண்டும். தீங்கு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் தரவேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது, ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையாக இருந்தால் பிள்ளையிடமும் கேட்டு இசைவு பெறவேண்டும். அதாவது உங்களிடம்! மேலும் 2009 ஜூன் முதல், நம் நாட்டில் நடக்கும் ஒவ்வொரு மருந்துச் சோதனையையும் தொடங்குமுன்பே தேசியப் பதிவேட்டில் எழுதிவைக்கவேண்டும். முடிவு பிடிக்கவில்லையென்று பின்னால் ஒளித்துவைக்காமல் இருக்க இது உதவும். பதிவேட்டை எவரும் பார்க்கலாம். அன்று நான் பார்த்திருக்கவேண்டியது அதைத்தான்.

கொடி இரத்தத்தின் கதை அந்தச் சோதனையோடு முடிந்துவிடவில்லை. பாதிப் பொருத்தமே உள்ள தாய், தந்தை, உடன்பிறந்தோரின் மஜ்ஜையையே பயன்படுத்தி, ஏற்றிய சில நாட்களில் ஒரு மருந்தைக் கொடுத்துத் தாக்கும் வெள்ளணுக்களை மட்டும் அடக்கும் முறை வந்தது. பெரியவர்கள் 368 பேரிடம் இதையும் இரட்டைப் பைக் கொடி இரத்தத்தையும் சீட்டுப் போட்டு ஒப்பிட்டு 2021 இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டாண்டு கழித்து உயிருடன் இருந்தவர்கள், பாதிப் பொருத்த முறையில் நூற்றுக்கு 57 பேர். கொடி இரத்தத்தில் 46 பேர். கொடி இரத்தத்தை ஆதரித்தவர்களுக்கு ஏமாற்றந்தான். ஆனால் அவர்களும் சேர்ந்தே நடத்திய சோதனை அது. நம்மைப் போன்ற நாட்டுக்கு நல்ல செய்தி. பை வாங்க டாலர் தேடவேண்டாம், கொடுப்பவர் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். இந்திய மருத்துவமனைகள் இம்முறையை இன்று பெருமளவில் கைக்கொள்வதற்கு இதுவே காரணம்.

கொடி இரத்தச் செல்களை ஆய்வகத்தில் வைட்டமின் பி3 வகைப் பொருளின் உதவியால் பெருக்கி ஏற்றும் முறையும் உண்டு. 125 பேரிடம் சோதித்தார்கள். கிருமியோடு போராடும் வெள்ளணுக்கள் மீள, சாதாரணக் கொடி இரத்தத்தில் 22 நாள். இதில் 12 நாள். காவலில்லாத பத்து நாட்கள் மிச்சம்! 2023 ஏப்ரலில் அமெரிக்கா அனுமதி அளித்தது. விலை மூன்று லட்சம் டாலருக்கு மேல் என்று படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன்.

அண்ணாச்சியின் மனக்கணக்கு

இப்போது இரண்டாவது கேள்வி. குழந்தையின் இரத்தத்தை அதே குழந்தைக்கென்று எடுத்துவைப்பது.

நாடுகள் பலவற்றில் பிறந்த குழந்தையின் குதிகாலில் ஊசியால் குத்தி, ஒரு துளி இரத்தத்தை அட்டையில் ஒற்றிப் பாதுகாப்பார்கள். சில குழந்தைகளுக்குப் பிற்பாடு இரத்தப் புற்றுநோய் வந்தபோது, பிரிட்டிஷ் விஞ்ஞானி மெல் கிரீவ்ஸ் குழுவினர் அந்தப் பழைய அட்டைகளைத் தேடி எடுத்துச் சோதித்தார்கள். நோயின் முதல் மரபணுக் கோளாறு பிறந்த அன்றே பல அட்டைகளில் இருந்தது! விதை கருவிலேயே விழுந்துவிட்டது. அப்படியானால் அதே நாளில் எடுத்துவைத்த கொடி இரத்தத்திலும் அந்த விதை இருக்கக்கூடும் அல்லவா? மேலும், அயலாரின் வெள்ளணுக்கள் எஞ்சிய புற்றுச் செல்களை அந்நியரென்று கண்டு அழிப்பதே மாற்றுச் சிகிச்சையின் பாதி பலன். சொந்தச் செல்களுக்கு அந்தக் கண் கிடையாது. தலசீமியா போன்ற பரம்பரை நோயிலோ, சொந்தக் கொடி இரத்தத்திலும் அதே பழுதடைந்த மரபணுவே இருக்கும்.

இதனால்தான் தன் வருங்காலத் தேவைக்கென்று கொடி இரத்தத்தைச் சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரமில்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017 இல் வெளியிட்ட நெறிமுறைகளில் கூறியது. இந்தியக் குழந்தை மருத்துவர் கழகமும் 2018 இல் இதையே சொன்னது. வீட்டில் ஏற்கெனவே ஒரு குழந்தைக்கு மாற்றுச் சிகிச்சையால் தீரும் நோய் இருந்தால், அடுத்த குழந்தையின் கொடி இரத்தத்தைக் கட்டாயம் சேமிக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னது. அது வேறு. காகிதத்தில் அந்த வேறுபாடு எங்கும் இல்லை. பணம் கட்டியவர்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் திட்டங்களும் இப்போது வந்திருக்கின்றன. தனிச் சேமிப்பைவிட அவை மேல்தான். ஆயினும் கட்ட முடியாதவர் வெளியே நிற்கவேண்டியதுதானே?

இவற்றையெல்லாம் அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு, முதல் இருபது ஆண்டில் சொந்த இரத்தம் பயன்படக்கூடிய வாய்ப்பு 2,500 இல் ஒன்று முதல் 2,00,000 இல் ஒன்று வரை என்று மருத்துவச் சங்கங்கள் மதிப்பிட்டிருப்பதையும் கூறினேன். கல்லாவில் உட்கார்ந்து பழகியவர் அல்லவா, ஒரு கணம் கண்ணை மூடினார்.

"ரொம்ப நல்ல கணக்கே வச்சாலும் 2,500 பேரு ஆளுக்கு அரை லட்சம் போட்டா பன்னிரண்டரைக் கோடி. அதுல ஒரு பிள்ளைக்குப் பிரயோசனம். மோசமான கணக்குன்னா ஆயிரம் கோடிக்கு ஒண்ணு. இதுக்கா சார் வளையல வைக்கச் சொன்னா?"

இன்னொன்றும் சொன்னேன். பிறந்தவுடன் கொடியை வெட்டாமல் ஒரு நிமிடமாவது பொறுத்து வெட்டவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நஞ்சில் நிற்கும் இரத்தம் அந்நேரத்தில் குழந்தைக்குள் போய்ச் சேருகிறது. அதிலுள்ள இரும்புச் சத்து பல மாதங்களுக்கு வரும். சோகை மிகுந்த நம் நாட்டில் அதன் மதிப்பு கொஞ்சமன்று. பைக்கு நிறைய இரத்தம் வேண்டுமென்றால் சீக்கிரம் வெட்டத் தோன்றும். எப்போதோ வரக்கூடிய ஒன்றுக்காக இன்றைய உணவைப் பிடுங்கிவைப்பதை நான் ஒப்பமாட்டேன்.

"அப்போ சும்மா தானமா குடுத்தா யாருக்காவது ஆகுமா?" என்று கேட்டார். ஆகும். ஆனால் பொதுச் சேமிப்பு நிலையங்கள் தம்மோடு ஏற்பாடு செய்துகொண்ட மருத்துவமனைகளில் மட்டுமே சேகரிக்கின்றன. நெல்லையில் நினைத்தவுடன் கொடுத்துவிட முடியாது. அதைவிட எளிய வழி உண்டு. பதினெட்டு வயது நிரம்பிய இளைஞர்கள் குருத்தணுக் கொடையாளராகப் பெயர் பதிந்துகொள்ளலாம். சென்னையில் 2009 இல் தொடங்கிய தாத்ரி என்ற பதிவேடு இதற்கென்றே இருக்கிறது. உள்கன்னத்தில் பஞ்சுக் குச்சியால் துடைத்துக் கொடுத்தால் போதும், எச்.எல்.ஏ. வகையைக் குறித்துவைத்துக்கொள்வார்கள். என்றோ ஒருநாள் பொருந்தும் நோயாளி வந்தால் கூப்பிடுவார்கள். நம் எச்.எல்.ஏ. வகைகள் நம் மக்களிடந்தான் அதிகம் கிடைக்கும். ஐரோப்பியப் பதிவேடுகளில் ஒரு தென்பாண்டி நாட்டுக் குழந்தைக்குப் பொருத்தம் தேடுவது கடினம்.

கடையில் நிற்கும் இளைய மகனுக்கு இருபத்திரண்டு வயது என்றும், அவனை மாலையில் அனுப்புவதாகவும் அண்ணாச்சி சொன்னார். கொடியைச் சற்றுப் பொறுத்து வெட்டச் சொல்லி மகளை மருத்துவரிடம் இப்போதே பேசிவைக்கச் சொல்லுங்கள் என்று நினைவூட்டினேன். சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, அந்த வழவழப்பான காகிதத்தின் பின்புறத்தில் குறித்துக்கொண்டு போனார்.